ஒருங்குமா, விரியுமா: எந்த வழியை எடுப்பது?

முடிவில்லாமல் போகும் எண்களின் வரிசை ஒன்றை, அதாவது ஒரு தொடர்வரிசையைக் கொடுத்து "இது ஒருங்குமா, விரியுமா?" என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் உடனே எல்லையைக் கண்டுபிடிக்க இறங்கிவிடுகிறார்கள். ஒரு எண் கிடைத்ததும் "ஒருங்கும்" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எல்லை எது என்பது ஒரு கேள்வி. எல்லை என்று ஒன்று இருக்கிறதா என்பது வேறு கேள்வி. சில வழிகள் இரண்டுக்கும் சேர்த்து விடை தரும். சில ஒன்றுக்கு மட்டும்தான் தரும். எந்த வழி எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்று தெரிந்துகொண்டால், எதை முதலில் எடுப்பது என்பது பெரும்பாலும் தானே தெளிவாகிவிடும்.

பாடநூல்களில் வழிகள் அத்தியாய வரிசையில் வருகின்றன. ஓரியல்புத் தேற்றம் (ஏறிக்கொண்டே போனாலும் ஓர் எண்ணைத் தாண்டாத தொடர்வரிசை ஒருங்கும் என்பது) வரும் அத்தியாயத்தின் கணக்குகளுக்கு ஓரியல்புத் தேற்றம்தான் வழி என்று சொல்லாமலே தெரியும். தேர்வில் அந்தத் துணை கிடையாது. தொடர்வரிசை எந்த வடிவில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்து நாமேதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

குறியீடு எளிமையாக இருக்கட்டும். உறுப்பின் வரிசை எண் ந. அந்த உறுப்பு அ(ந). எவ்வளவு சிறிய இடைவெளியைக் கேட்டாலும், ஒரு கட்டத்துக்குப் பிறகு வரும் எல்லா உறுப்புகளும் ஒரே எண்ணிலிருந்து அந்த இடைவெளிக்குள் அடங்கிவிட்டால் தொடர்வரிசை ஒருங்கும்; அந்த எண்தான் எல்லை. இல்லையென்றால் விரியும். 1, −1, 1, −1 என்று ஊசலாடுவதும் இந்தக் கணக்கில் விரிவதுதான். பெரிதாகிக்கொண்டே போவது மட்டும்தான் விரிவு என்று நினைக்க வேண்டாம்.

எண்களைப் போட்டுப் பார்ப்பது

கால்குலேட்டரிலோ கணினியிலோ உறுப்புகளைக் கணக்கிட்டுப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. ஊகிக்க அது நல்லது, முடிவு சொல்ல ஆகாது. ஏன் என்று பார்ப்போம்.

அ(ந) = 1.01^ந ÷ ந என்று எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாவது உறுப்பு 0.110. ஐம்பதாவது 0.033. நூறாவது 0.027. நூறு உறுப்புகள் வரை தொடர்ந்து இறங்கிக்கொண்டே வரும் ஒன்றைப் பார்த்தால், 0-ஐ நோக்கிப் போகிறது என்றுதான் யாரும் சொல்வார்கள். அப்புறம் 200-ஆவது உறுப்பு 0.037, 500-ஆவது 0.29, 1000-ஆவது ஏறத்தாழ 21. இது விரியும் தொடர்வரிசை. நூறுக்கு அருகில்தான் அது திரும்புகிறது.

நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. 100^ந ÷ ந! என்பதில் (ந! என்பது காரணீயம், 1 முதல் ந வரையான எண்களின் பெருக்கல்) நூறாவது உறுப்பு 10^42-க்கும் மேல். பார்த்தவர்கள் விரியும் என்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு உறுப்பையும் பெற, முந்தையதை 100-ஆல் பெருக்கி 100-ஐவிடப் பெரிய, வளர்ந்துகொண்டே போகும் எண்ணால் வகுக்கிறோம். கடைசியில் 0-க்கே வந்து சேரும்.

கருவியே தவறு செய்வது மூன்றாவது ஆபத்து. (1 + 1/ந)^ந ஒருங்கும் எண் 2.71828… என்பது தெரிந்ததுதான். ந = 1000 என்றால் 2.7169 வரும். இன்னும் நெருங்கலாம் என்று, வழக்கமான இரட்டைத் துல்லியக் கணக்கீட்டில் ந = 10^15 போட்டால் 3.035 என்று வருகிறது! ந = 10^16 போட்டால் சரியாக 1. அவ்வளவு சிறிய 1/ந-ஐ 1-உடன் கூட்டினால் கணினிக்கு அது 1-ஆகவே தெரிகிறது. 1-ஐ எத்தனை முறை பெருக்கினாலும் 1. தேற்றம் தெரியாத ஒருவர் இந்தத் திரையைப் பார்த்து எல்லை 1 என்று எழுதக்கூடும்.

ஆகவே பத்து, இருபது உறுப்புகளைக் கணக்கிடுங்கள். ஏறுகிறதா, இறங்குகிறதா, ஊசலாடுகிறதா என்று பாருங்கள். அதோடு கால்குலேட்டரை ஒதுக்கி வையுங்கள்.

நேரடி வாய்பாடு கொடுத்திருந்தால்

ந-ஐப் போட்டால் உறுப்பு வந்துவிடும் என்ற வடிவில் இருந்தால் வேலை பெரும்பாலும் எளிது. (3ந² + 5) ÷ (2ந² − ந) போன்றவற்றில் மேலும் கீழும் ந²-ஆல் வகுத்தால் எல்லை 3/2 என்று தெரிந்துவிடும். √(ந² + ந) − ந போன்றவற்றில் இணை எண்ணால் பெருக்கி வகுத்தால் 1/2. இவற்றுக்குப் பெரிய தேற்றம் எதுவும் தேவையில்லை.

கொஞ்சம் சிக்கலானால், எது எதைவிட வேகமாக வளர்கிறது என்பதை மனப்பாடமாக வைத்துக்கொள்வது மிகப் பெரிய உதவி. மடக்கையை ந-இன் எந்த நேர்மப் படியும் முந்தும். அந்தப் படியை 1-ஐவிடப் பெரிய எண்ணின் ந-ஆவது அடுக்கு முந்தும். அதைக் காரணீயம் முந்தும். காரணீயத்தை ந^ந முந்தும். மேலே சொன்ன 1.01^ந ÷ ந என்பதை இந்தப் படிவரிசை தெரிந்தவர் பார்த்தவுடனே விரியும் என்று சொல்லிவிடுவார்.

இங்கேதான் லோபிதால் விதிக்கும் விகிதச் சோதனைக்கும் இடையே தேர்வு வருகிறது. லோபிதால் விதியை நம் மாணவர்கள் தேவைக்கு மேல் பயன்படுத்துகிறார்கள் என்பது என் எண்ணம். மடக்கை(ந) ÷ √ந போன்றதற்கு (இங்கே மடக்கை என்பது இயல் மடக்கை) அது அருமையான வழி: ந-ஐத் தொடர்ச்சியான மாறியாக எடுத்து மேலேயும் கீழேயும் தனித்தனியே வகையிட்டால் 2 ÷ √ந வந்து 0 ஆகிவிடும். ஆனால் முழு எண்களில் மட்டும் பொருள் உள்ள தொடர்வரிசையை, எல்லா மெய்யெண்களுக்கும் பொருள் உள்ள சார்பாக மாற்றிக்கொண்ட பிறகுதான் வகையிட முடியும். ந! இருந்தாலோ (−1)^ந இருந்தாலோ அந்த மாற்றம் இயல்பாக வராது. மாற்ற முடிந்தாலும் ஒரு பக்கம்தான் நம்பலாம். சார்புக்கு எல்லை இருந்தால் தொடர்வரிசைக்கும் அதே எல்லை. சார்புக்கு இல்லையென்றால் தொடர்வரிசையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. சைன்(பை × ந) முழு எண்களில் எப்போதும் 0, ஆகவே ஒருங்கும். சார்பாகப் பார்த்தால் அது ஓயாமல் ஊசலாடுகிறது.

மேலே ஒரு கூட்டல் வளர்ந்துகொண்டே போகிறது, கீழே ஓர் ஏறும் தொடர்வரிசை எல்லையின்றி வளர்கிறது என்றால், வகையிடுவதற்குப் பதிலாக அடுத்தடுத்த உறுப்புகளின் வேறுபாடுகளை எடுக்கும் ஸ்டோல்ஸ்–சிசாரோ தேற்றத்தைப் பாருங்கள். தொடர்வரிசைகளுக்கென்றே அமைந்த லோபிதால் விதி என்று அதைச் சொல்லலாம். (1 + 1/2 + … + 1/ந) ÷ மடக்கை(ந) என்பது 1-க்கு ஒருங்குவதை அது இரண்டு வரியில் காட்டிவிடும்.

அடுக்கும் காரணீயமும் கண்ணில் பட்டால் நான் யோசிக்காமல் எடுப்பது விகிதச் சோதனையைத்தான். உறுப்புகள் நேர்மமாக இருக்கும்போது அ(ந+1) ÷ அ(ந) ஓர் எண்ணை நோக்கிப் போகட்டும். அது 1-க்குக் கீழே என்றால் தொடர்வரிசை 0-க்கு ஒருங்கும். 1-க்கு மேலே என்றால் விரியும். 100^ந ÷ ந!-இல் விகிதம் 100 ÷ (ந+1), அதாவது 0-ஐ நோக்கிப் போவது. 10^42 என்ற பயமுறுத்தல் ஒரே வரியில் தீர்ந்துவிட்டது. ந! ÷ ந^ந-இல் விகிதம் 1 ÷ 2.718…-ஐ நோக்கிப் போகிறது. அதுவும் 0-க்கு ஒருங்கும். விகிதம் சரியாக 1-ஐ நோக்கிப் போனால் மட்டும் இந்தச் சோதனை வாய் திறக்காது. ந, 1/ந இரண்டுக்குமே விகிதம் 1-ஐ நோக்கித்தான் போகிறது. ஒன்று விரிகிறது, மற்றொன்று ஒருங்குகிறது.

சைன், கொசைன், (−1)^ந போன்ற வரம்புக்குள் ஆடும் பகுதி ஒன்று இருந்து, அதை 0-க்குப் போகும் ஒன்று பெருக்கினால் சாண்ட்விச் தேற்றம். சைன்(ந) ÷ ந என்பது −1/ந-க்கும் 1/ந-க்கும் நடுவே சிக்கிக்கொள்கிறது, வேறு போக்கில்லை. உறுப்புகளின் எண்ணிக்கையே ந-உடன் கூடும் கூட்டல்களுக்கும் இது நல்லது. 1/√(ந²+1) + 1/√(ந²+2) + … + 1/√(ந²+ந) என்பதில் "ஒவ்வொன்றும் 0-க்குப் போகிறது, ஆகவே மொத்தமும் 0" என்று எழுதுவது அடிக்கடி காணும் பிழை. ஒவ்வொன்றும் 0-க்குப் போகும்போது எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போகிறதே. மிகப் பெரிய உறுப்பை ந தடவையும், மிகச் சிறியதை ந தடவையும் எடுத்து மேலும் கீழும் வைத்தால் இரண்டுமே 1-க்குப் போகும். எல்லை 1.

முந்தைய உறுப்பிலிருந்து அடுத்தது வந்தால்

உண்மையான தேர்வுச் சிக்கல் இங்கேதான். அ(ந+1) என்பது அ(ந)-ஐ வைத்துக் கொடுக்கப்பட்டிருக்கும்போது பலரும் செய்வது இது: எல்லை ல என்று வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் ல-ஐப் போட்டுச் சமன்பாட்டைத் தீர்ப்பது. √2, √(2+√2), … என்பதற்கு ல = √(2 + ல), ஆகவே ல = 2. விடை சரிதான், நிரூபணம்தான் பாதி.

அது ஏன் பாதி என்பதற்கு அ(1) = 1, அ(ந+1) = 2அ(ந) + 1 போதும். அதே முறையில் ல = 2ல + 1, ஆகவே ல = −1. தொடர்வரிசையோ 1, 3, 7, 15, 31 என்று ஏறிக்கொண்டே போகிறது! இந்த வழி சொல்வதெல்லாம் "எல்லை என்று ஒன்று இருந்தால் அது இதுவாகத்தான் இருக்கும்" என்பது மட்டும். இருக்கிறதா என்பதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

அதைக் காட்ட மூன்று வழிகள் உள்ளன. முதலாவது ஓரியல்பும் வரம்பும்: ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் ஓர் எண்ணைத் தாண்டவில்லை என்றால் ஒருங்கியே தீரும். √2, √(2+√2) வரிசையில் ஒவ்வொன்றும் 2-க்குக் கீழே என்பதையும், முந்தையதைவிடப் பெரியது என்பதையும் கணிதத் தொகுத்தறிதலால் காட்டிவிட்டால், ல = 2 என்ற கணக்கு முழு நிரூபணமாகிவிடும். எல்லை எந்த எண் என்று தெரியாமலே ஒருங்குவதைக் காட்ட முடிவதுதான் இந்த வழியின் பெரிய பலம். 1 + 1/2 + … + 1/ந − மடக்கை(ந) என்பது இறங்கிக்கொண்டே போகிறது, 0-க்குக் கீழே போவதில்லை. ஆகவே ஒருங்கும். அது ஒருங்கும் எண் 0.5772…, ஆய்லர் மாறிலி. அது விகிதமுறு எண்ணா இல்லையா என்பதைக்கூட இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் அது ஒருங்குவதில் ஐயம் எதுவும் இல்லை.

ஏறாமலும் இறங்காமலும் ஊசலாடியபடி நெருங்கினால் ஓரியல்பு வழி நேரடியாக உதவாது. அ(1) = 1, அ(ந+1) = 1 ÷ (1 + அ(ந)) என்றால் 1, 0.5, 0.667, 0.6, 0.625, 0.615 என்று மாறி மாறிப் போகிறது. இங்கே இரண்டாவது வழியான கோஷி அளவுகோலை எடுங்கள்: ஒரு கட்டத்துக்குப் பிறகு உறுப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கி அடங்கினால் தொடர்வரிசை ஒருங்கும். அடுத்தடுத்த உறுப்புகளின் வேறுபாட்டைக் கணக்கிட்டால், ஒவ்வொரு வேறுபாடும் முந்தையதில் 4/9 பங்குக்கு மேல் போகாது என்று காட்டலாம். எல்லா உறுப்புகளும் 1/2-க்குக் குறையாமல் இருப்பதே காரணம். இப்படி ஒரே விகிதத்தில் சுருங்கினால் ஒருங்கும். எல்லை (√5 − 1)/2. இங்கே ஓர் எச்சரிக்கை: வேறுபாடு 0-க்குப் போவது மட்டும் போதாது. √ந-இல் அடுத்தடுத்த வேறுபாடுகள் 0-க்குத்தான் போகின்றன, ஆனால் √ந விரிகிறது. 1-க்குக் கீழே உள்ள ஒரு நிலையான விகிதத்தில் சுருங்க வேண்டும் என்பதே நிபந்தனை.

மூன்றாவது வழி வகைக்கெழு. அடுத்த உறுப்பைத் தரும் சார்பை நிலைப்புள்ளியில் (போட்ட எண்ணே திரும்பி வரும் புள்ளியில்) வகையிட்டு, அதன் எண்ணளவு 1-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பது. அ(ந+1) = 2.8 × அ(ந) × (1 − அ(ந)) என்பதில் நிலைப்புள்ளி 9/14, வகைக்கெழு −0.8, ஒருங்கும். 2.8-ஐ 3.2 ஆக்கினால் நிலைப்புள்ளி 0.6875, வகைக்கெழு −1.2, அந்தப் புள்ளி உறுப்புகளைத் தள்ளிவிடும். பெரும்பாலான தொடக்க எண்களுக்கு 0.513, 0.799 என்ற இரண்டு எண்களுக்கிடையே முடிவில்லாமல் மாறிக்கொண்டிருக்கும். இந்த எளிய வாய்பாட்டுக்குள் இவ்வளவு சிக்கல் இருப்பதை உயிரினத் தொகைகளை ஆய்ந்த ராபர்ட் மே 1976-இல் எழுதிய கட்டுரை பலரும் அறியச் செய்தது. வகைக்கெழு வழி விரைவானது. ஆனால் அது நிலைப்புள்ளிக்கு அருகில் நடப்பதைத்தான் சொல்கிறது. தொலைவிலிருந்து தொடங்கினால் அங்கே வந்து சேருமா என்பது தனி வேலை. தேர்வில் ஓரியல்பு வழி எடுபடுமென்றால் நான் அதையே பரிந்துரைப்பேன். இடைவெளி எதுவும் இல்லாமல் எழுதி முடிக்க அதுதான் எளிது.

ராமானுஜன் கேட்ட கேள்வி

இருக்கிறதா, எது என்ற இரண்டு கேள்விகளும் பிரிவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு எனக்குத் தெரியாது. 1911-இல் ராமானுஜன் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்களுக்கு ஒரு கேள்வி போட்டார்: √(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …)))) என்பதன் மதிப்பு என்ன?

விடை 3. வழக்கமாகச் சொல்லும் காரணம்: 3 = √(1 + 2×4), 4 = √(1 + 3×5), 5 = √(1 + 4×6), இப்படியே போகலாம். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இதே வித்தையை 4-ஐ வைத்தும் செய்யலாம். 4 = √(1 + 2×7.5). 7.5 = √(1 + 3×221/12). அதையும் இப்படியே விரித்துக்கொண்டு போகலாம், வடிவம் மாறவே மாறாது. அப்படியானால் விடை 4-ஆ? வடிவத்தை விரிப்பது எதையும் நிரூபிக்கவில்லை என்பதே இதன் பொருள். முடிவில்லாத இந்த வர்க்கமூலத்துக்கு ஒரு தொடர்வரிசையின் எல்லை என்ற பொருள் மட்டும்தான் உண்டு.

ஒவ்வொரு மட்டமாக வெட்டிப் பாருங்கள். √(1+2) = 1.732. √(1 + 2√(1+3)) = 2.236. அடுத்தது 2.560, அதற்கடுத்தது 2.755. ஒவ்வொரு மட்டம் சேரும்போதும் உள்ளே ஒரு 1-இன் இடத்தில் 1-ஐவிடப் பெரிய எண் வருவதால் தொடர்வரிசை ஏறுகிறது. கடைசி எண் க என்றால், உள்ளே இருக்கும் √(1+க) என்பது க+1-ஐத் தாண்டாது. ஆகவே முழுவதும் 3-ஐத் தாண்டாது. ஓரியல்பு, வரம்பு இரண்டும் வந்துவிட்டன. ஒருங்கும். ஆனால் 3-க்குத்தான் என்று இன்னும் தெரியாது, 2.9-ஆகவும் இருக்கலாமே.

இப்போது சாண்ட்விச். உள்ளே க+1 இருக்க வேண்டிய இடத்தில் √(1+க) இருக்கிறது, அதாவது √(க+1) மடங்கு குறைவு. இந்த மடங்கு ஒவ்வொரு வர்க்கமூலத்தைத் தாண்டி வெளியே வரும்போதும் தன் வர்க்கமூலமாகவோ அதைவிடச் சிறியதாகவோ சுருங்குகிறது. கடைசியில் உறுப்பு 3-க்குக் கீழேயும், 3-ஐ (க+1)-இன் 2^(க−1)-ஆம் படிமூலத்தால் வகுத்த எண்ணுக்குக் குறையாமலும் இருக்கும். க = 10 என்றாலே அந்தக் கீழ்வரம்பு 2.986. க பெரிதாகப் பெரிதாக அந்தப் படிமூலம் 1-க்கே போய்விடும். இப்போதுதான் விடை 3. கூர்ந்து பார்த்தால் சாண்ட்விச் மட்டுமே இங்கே போதும், அது ஒரே அடியில் இரண்டு கேள்விகளையும் முடிக்கிறது. ஆனால் அந்த வரம்பைத் தேட வேண்டும் என்ற துணிவை ஓரியல்புதான் தருகிறது.

விரியும் என்று காட்ட வேண்டுமென்றால்

வரம்பில்லாமல் போவதைக் காட்டுவது எளிது. ஊசலாடுபவற்றுக்கு உட்தொடர்வரிசைகள்தான் (சில உறுப்புகளை மட்டும் அதே வரிசையில் எடுத்தவை) சிறந்த வழி: இரண்டு உட்தொடர்வரிசைகள் வெவ்வேறு எண்களுக்கு ஒருங்கினால் முழுத் தொடர்வரிசை விரியும். (−1)^ந × ந ÷ (ந+1) என்பதில் இரட்டைப்படை உறுப்புகள் 1-க்கும் ஒற்றைப்படை உறுப்புகள் −1-க்கும் போகின்றன. முடிந்தது.

சைன்(ந)-இல் அப்படி வசதியான உட்தொடர்வரிசை சட்டென்று கிடைக்காது. அங்கே ஒருங்குவதாக வைத்துக்கொண்டு முரண்பாடு தேடுவதே மேல். சைன்(ந) ஒருங்கினால் சைன்(ந+1) − சைன்(ந−1) = 2 கொசைன்(ந) சைன்(1) என்பது 0-க்குப் போக வேண்டும்; ஆகவே கொசைன்(ந) 0-க்குப் போகும். அதே கணக்கைக் கொசைனுக்குச் செய்தால் சைன்(ந) 0-க்குப் போகும். இரண்டின் வர்க்கங்களின் கூடுதல் எப்போதும் 1 ஆயிற்றே! ஆகவே விரியும்.

மெதுவாக வளர்பவற்றுக்குக் கோஷி அளவுகோலைத் திருப்பிப் போட வேண்டும். 1 + 1/2 + 1/3 + … என்ற இசைத் தொடரின் பகுதிக் கூடுதல்கள் 10 லட்சம் உறுப்புகளுக்குப் பிறகும் 14.39-தான், 100-ஐத் தாண்ட 10^43-க்கும் மேற்பட்ட உறுப்புகள் வேண்டும். எந்தக் கணினியாலும் அது விரிவதைக் கண்ணால் காட்ட முடியாது. 14-ஆம் நூற்றாண்டில் நிக்கோல் ஒரேம் சொன்ன காரணம் காட்டுகிறது: ந-ஆவது உறுப்புக்குப் பிறகு 2ந-ஆவது வரை உள்ளவற்றைக் கூட்டினால் எப்போதும் 1/2-க்குக் குறையாது. எவ்வளவு தூரம் போனாலும் உறுப்புகள் ஒன்றையொன்று நெருங்கி அடங்குவதில்லை.

எப்சிலான் வரையறையை, அதாவது தொடக்கத்தில் சொன்ன 'எவ்வளவு சிறிய இடைவெளியைக் கேட்டாலும்' என்ற வரையறையை, நேரடியாக எடுப்பது கடைசி வழி. தேற்றங்களை நிரூபிக்க அது இன்றியமையாதது. ஆனால் ஒரு குறிப்பிட்ட கணக்கில், கேள்வியே "வரையறையைக் கொண்டு நிறுவுக" என்று சொன்னாலொழிய, அதில் தொடங்குவது நேரத்தை விழுங்கும்.

மேலே சொன்ன எல்லா வழிகளும் சேர்ந்தாலும் பிடிபடாத தொடர்வரிசைகள் உண்டு. 1 ÷ (ந³ × சைன்²(ந)) என்ற உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போங்கள். 354 உறுப்புகள் வரை கூடுதல் 5-க்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். 355-ஆவது உறுப்பு மட்டும் தனியாக ஏறத்தாழ 24.6. 355/113 பை-க்கு மிக அருகில் இருப்பதால் சைன்(355) கிட்டத்தட்ட 0. அதனால்தான் இந்தத் தாவல். இப்படிப்பட்ட தாவல்கள் மேலும் எத்தனை, எவ்வளவு பெரியவை என்பது பை-ஐ விகிதமுறு எண்கள் எவ்வளவு நெருங்க முடியும் என்பதைப் பொறுத்தது. கூட்டப்படும் எல்லாமே நேர்மம், ஆகவே பகுதிக் கூடுதல்கள் ஏறுகின்றன என்பதில் சந்தேகமே இல்லை. ஓரியல்புத் தேற்றத்தின் ஒரு பாதி சும்மாவே கிடைத்துவிடுகிறது. மேல்வரம்பு உண்டா என்ற மறுபாதியைத்தான் இதுவரை யாராலும் தீர்க்க முடியவில்லை.